மூன்று நாள்களில் வெனிஸின் ஓவியங்கள், தீவுகள், கால்வாய்கள் ஆகிய மூன்றையும் பார்க்க இயலுமா?

இயலும், ஆனால் முதல் நாளைச் சான் மார்க்கோ சதுக்கத்து வரிசையில் நின்றே கழித்துவிடாதீர்கள். ரயில் நிலைய வாசலிலேயே முதலாம் எண் 'வப்பரெட்டோ' என்னும் பொதுப்படகில் ஏறி, ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கால்வாய் முழுவதையும் பாருங்கள். சரக்கும் விருந்தினரும் படகில் வந்த காலத்தில் கட்டப்பட்டவை என்பதால், அரண்மனைகளின் தலைவாயில்கள் தெருவை அல்ல, நீரையே நோக்கியிருக்கும்.

ஓவியத்துக்கு ஒரே இடம்தான் என்றால், நான் சான் ரோக்கோ என்னும் சமயத் தொண்டுச் சங்கத்தின் மாளிகையைச் சொல்வேன். 1564 முதல் 1588 வரை வெனிஸ் ஓவியர் டின்டொரெட்டோ இதற்காக வரைந்தார். நகரைச் சூழ்ந்த காயலின் உப்பு ஈரம் சுவரோவியங்களை அரித்துவிடும் என்பதால், இந்நகர ஓவியர்கள் கித்தான் துணிக்கு மாறினர். பாய்மரத் துணி நெய்யும் துறைமுகத்தில் அதற்குப் பஞ்சமா என்ன? மேல்தளக் கூரை ஓவியங்களைப் பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடிகள் தருகிறார்கள். அண்ணாந்து கழுத்து நோகாமல், குனிந்தபடியே உயரத்தைக் காணலாம்.

தீவுகளுக்கு ஃபொண்டமென்டே நோவே துறையிலிருந்து 12ஆம் எண் படகில் செல்லுங்கள். தீவிபத்துக்கு அஞ்சி 1291இல் நகரின் கண்ணாடி உலைகள் அனைத்தும் இடம் மாற்றப்பட்ட முரானோவையும், வண்ண வீடுகளின் புரானோவையும் விரைவாகப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தை டோர்செல்லோவுக்கு ஒதுக்குங்கள். இன்று மிகச் சிலரே வாழும் அத்தீவில், 639இல் நிறுவப்பட்ட பேராலயத்தின் மேற்குச் சுவரெங்கும் இறுதித் தீர்ப்புக் காட்சி சிறு சில்லுகளால் பதிக்கப்பட்டிருக்கிறது. திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.