எந்த பாக்? ஒரு குடும்பப் பெயர் பற்றிக் கேள்வி பதில்

இசையில் பாக் என்று எத்தனை பேர்தான் இருக்கிறார்கள்?
1735இல் ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் தயாரித்த குடும்பப் பட்டியலிலேயே 53 பேர். முதல் ஆள் ஃபைட் பாக், ரொட்டி சுடுபவர். மாவு மில்லுக்குப் போகும்போது சித்தர்ன் என்ற தந்தி வாத்தியத்தையும் எடுத்துப்போய், மில் ஓடும் சத்தத்தோடு சேர்த்து வாசிப்பாராம். ஆகவே முன்பெயர் இல்லாமல் 'பாக்' என்று மட்டும் கேட்காதீர்கள்.

கீபோர்டு வகுப்பில் பாக்கின் ஜி மேஜர் மினுவெட் (ஒரு நடன இசைத் துண்டு) தருகிறார்கள். எந்த பாக்?
எந்த பாக்கும் இல்லை, கிறிஸ்டியான் பெட்ஸோல்ட். செபாஸ்டியன் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725 நோட்டில் பெயர் போடாமல் இருந்ததால் வந்த குழப்பம். தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். பி.டபிள்யூ.வி. என்றால் செபாஸ்டியன் பட்டியல். அதோடு 'அன்ஹாங்' என்றிருந்தால் பின்னிணைப்பு, உஷார். டபிள்யூ.க்யூ. என்றால் மகன் எமானுவேல்.

பேக்கா, பாஹா?
பாக். ஜெர்மனில் ஓடை என்று பொருள்.

பெயரையே சுரமாக வாசிக்கலாமாமே?
வாசிக்கலாம். பெயரின் எழுத்துகள் பி, ஏ, சி, எச். ஜெர்மன்காரர்களுக்கு 'பி' என்பது நம் பி ஃபிளாட். 'எச்' என்பதுதான் நம் பி. வலது கையில் பி ஃபிளாட், ஏ, சி, பி, விரல் 2-1-4-3. ஆங்கில முறையில் படித்தவர்கள் முதலிலேயே வெள்ளை பி-யை அழுத்திவிட்டு, நாலாவது எழுத்துக்குக் கட்டை இல்லாமல் முழிப்பார்கள். 1 கட்டை சுருதியில் (ச என்பது சி) கைசிகி நி, சதுஸ்ருதி த, மேல் ச, காகலி நி. ஃபியூக் என்றால் ஒரு கருவைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் இசை வடிவம். 'ஃபியூக் கலை' என்ற தன் படைப்பின் முடிவுறாத கடைசி ஃபியூகில் செபாஸ்டியனே இதை மூன்றாவது கருவாக வைத்தார். அப்புறம் இசையமைப்பாளர் ஷூமன் 1845இல் இதை வைத்து ஆறு ஃபியூக் எழுதினார்; இன்னொரு இசையமைப்பாளர் லிஸ்ட்டும் விடவில்லை.

இரண்டு நிஷாதம். அப்படியானால் பெஹாக்!
இல்லை. பெஹாக் ராகத்தில் கைசிகி நி அந்நிய ஸ்வரம் (வெளியிலிருந்து வந்த சுரம்), சில பிடிகளில்தான் வரும். இங்கே த, நி, நி, ச நாலும் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்த கட்டைகள்.

சிந்து பைரவியில் 12 ஸ்வரமும் வருமே?
வரட்டும். நாலு எழுத்தைச் சுரமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ராகக் கேள்வி இத்தோடு போதும்.

இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்?' அதில் வருவது எந்த பாக்?
செபாஸ்டியன். வயலின் பார்ட்டிட்டா (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) 3, தொடக்கப் பகுதி, பி.டபிள்யூ.வி. எண் 1006.

மோட்சார்ட்டைச் சந்தித்தது பாக்தானே?
முன்பெயர்! கடைக்குட்டி மகன் யோஹான் கிறிஸ்டியான். 1764, லண்டன், மோட்சார்ட்டுக்கு 8 வயது.

பேஹ் என்று சொல்லலாமா?
மேலே பாருங்கள்.

ஜே. எஸ். பாக் பெயரில் ஒரு இயற்கைக் காட்சி ஓவியம் பார்த்தேன். போலிதானே?
அவசரப்படாதீர்கள். எமானுவேலின் மகனுக்கும் தாத்தா பெயர்தான். ஓவியர், 1778இல் ரோமில் இறந்தார். விலையை ஏலக்காரர்களிடம் கேளுங்கள். இந்த ஒரு ஆளிடம் மட்டும் முன்பெயர் கேட்டும் பயனில்லை. பிறந்த வருடத்தைப் பாருங்கள். தாத்தா 1685, பேரன் 1748.