பின்னலா, விரித்த கூந்தலா?

கேள்வி: பரதநாட்டியம் பயிலும் என் 9 வயது மகள் தலைமுடியை விரித்துவிட்டே வகுப்புக்குப் போக விரும்புகிறாள். ஆசிரியையோ இறுகப் பின்னி வரவேண்டும் என்கிறார். இது அவ்வளவு முக்கியமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: ஆசிரியை சொல்வதே சரி. கழுத்தைப் பக்கவாட்டில் அசைக்கும் அட்டமியிலும் சுழற்சியிலும் முடி கண்ணில் விழும்போது, பதாகம் என்ற முத்திரை பிடித்த கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய்விடும். கையும் காலும் இணையும் அடிப்படை ஆட்ட அசைவான அடவு அங்கேயே குலைந்துவிடும். கழுத்தும் முதுகும் கண்ணுக்குத் தெரிந்தால்தானே அவற்றின் நிமிர்வை ஆசிரியை திருத்த முடியும்? டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்தில் வியர்த்த பிடரியில் ஒட்டும் முடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிறிது தேங்காய் எண்ணெய் தடவிச் சிக்கெடுத்து, பிடரிக்குச் சற்று மேலே ரப்பர் பேண்டால் கட்டி, மூன்று கால் பின்னலாகப் பின்னி, நுனியை ரிப்பனால் முடிந்துவிடுங்கள். பின்னல் நீளமானால், சுழலும்போது பக்கத்துப் பிள்ளையின் முகத்தில் அடிக்காதபடி அதை இடுப்புத் துணியில் செருகிவிடலாம். குட்டை முடிக்கு ஹேர்பேண்டும் இரண்டு கிளிப்புகளும் போதும். சவுரியும் குஞ்சலமும் மேடைக்கு மட்டும்.

ஆனால் 'இறுக' என்பதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். புருவம் மேலேறும் அளவுக்கு நாள்தோறும் இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்து முடி உதிரத் தொடங்கும். வகுப்பு முடிந்து வீடு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள்; அவள் ஆசைப்படி விரித்துக்கொள்ள மாலை முழுவதும் இருக்கிறதே.