'வியர்ட்' என்றால் அங்கே விசித்திரம் இல்லை, விதி

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரக் கிழவிகளின் பெயரான 'வியர்ட் சிஸ்டர்ஸ்' (weird sisters) என்பதை 'விதிச் சகோதரிகள்' என்று மாற்றிப் பாருங்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் போட்ட 'விசித்திரச் சகோதரிகள்' உறுத்துகிறது என்றீர்களே, அதற்குக் காரணம், அகராதியின் இன்றைய பொருளை எடுத்துக்கொண்டதாக இருக்கலாம்.

பழைய ஆங்கிலத்தில் 'வியர்ட்' ஒரு பெயர்ச்சொல், பொருள் விதி. வேர், 'ஆகு', 'நிகழ்' என்ற பொருளுள்ள வினை. ஜெர்மனின் 'வேர்டன்' அதன் உறவு. இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருத 'வ்ருத்' கூட ஒரே குடும்பம்தான். நாம் சொல்லும் 'வர்த்தமானம்' அதிலிருந்து வந்தது! 'விநோதமான' என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதற்கு இந்த மூன்று கிழவிகளே காரணம்: விதியைச் சொன்னவர்கள் பார்க்க விகாரமாக இருந்தார்கள், சொல்லும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஐயம் வந்தால், நூல் எந்தக் காலத்தது என்று பாருங்கள். அப்புறம் அந்த இடத்தில் 'விதி'யை வைத்து வாசியுங்கள், ஓடினால் சரி.

ஒரு எச்சரிக்கை: 'வியர்ட்', 'விதி' ஒலியொப்புமை வெறும் தற்செயல். 'விதி' வேறு வேரிலிருந்து வந்தது. அடிக்குறிப்பில் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.