கூடைக்கு வந்த பலா – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் நானும் கணவரும்தான். பொழுது போவதற்காக ஒயர் கூடை பின்னப் பழகினேன். இப்போது உறவிலும் தெருவிலும் என் கூடை இல்லாத வீடு குறைவு.

எங்கள் தெருவுக்குப் பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மாள் கீரையும் முருங்கைக்காயும் கொண்டுவந்து விற்பார். பல வருடப் பழக்கம். உரச்சாக்கில் தைத்த பையில்தான் எல்லாம் வரும். மாசி மாதம் ஒருநாள் அந்தப் பையின் காது அறுந்து, கீரைக்கட்டுகள் எல்லாம் எங்கள் வாசலில் சிதறிவிட்டன. அன்று மாலையே அவருக்கென்று ஒரு பெரிய கூடை போடத் தொடங்கினேன். நெல்லிக்காய் முடிச்சு, அடியில் இரட்டை ஒயர். கொடுத்தபோது வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது டீச்சரம்மா" என்றார். அவ்வளவுதான். நானும் அதை மறந்துவிட்டேன்.

வைகாசியில் ஒரு காலை, மகன் ஓட்டிவந்த டிவிஎஸ் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு பலாப்பழத்தைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். பதினைந்து கிலோவுக்குக் குறையாது. "பழைய மரம் 'தானே' புயலில் போய்விட்டது. அப்புறம் வைத்தது இது. நாளை மறுநாள் வெட்டுங்கள், அதற்கு முன்னால் வெட்டாதீர்கள்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதை விற்றால் அவருக்கு இரண்டு நாள் கீரை விற்ற காசு கிடைக்குமே! என் கூடைக்கு ஒயர் வாங்கிய செலவு ஒரு செலவா? நான் ஓய்வூதியம் வாங்குகிறவள். உள்ளே போய் ஐந்நூறு ரூபாய் எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கவில்லை. மகனின் சட்டைப் பையில் வைக்கப் போனேன். அவர் முகம் மாறிவிட்டது. "விற்கவா டீச்சரம்மா கொண்டுவந்தேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் தெருவுக்கு அவர் வருவதில்லை. திருப்பாதிரிப்புலியூர் பான்பரி மார்க்கெட் பக்கம் உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "நீ கொடுத்தாய், அவர் கொடுத்தார், கணக்குத் தீர்ந்தது, விடு" என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஆறவில்லை. இன்னொரு கூடை பின்னிக் கொடுக்கலாமா? அவருடைய பேத்தியின் படிப்புச் செலவுக்கு ஏதாவது செய்யலாமா? இனிமேல் அவரிடம் பேரம் பேசவும் எனக்கு வாய் வராது. எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்த ஒன்றுக்கு இப்படித் திரும்பி வந்தால் என்னதான் செய்வது?

(பெயர் வேண்டாம்)
கடலூர்

*

அன்புள்ள டீச்சருக்கு,

அந்த அம்மாள் கூப்பிடுவதுபோலவே நானும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் கூடை வருகிறது, பழம் வருகிறது, ஐந்நூறு ரூபாய் வருகிறது. பழத்தை வெட்டினீர்களா, எப்படி இருந்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. பதினைந்து கிலோ பலா ஒரு வீட்டுக்குள் இருந்தால் தெருமுனை வரைக்கும் ஊரைக் கூட்டிவிடும். அப்படிப்பட்ட பழத்தைப் பற்றி எழுதத் தோன்றாத அளவுக்கு அதன் விலை உங்கள் மனத்தில் உட்கார்ந்துகொண்டது. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

முதலில் கூடை. அவர் புரட்டிப் பார்த்தார், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், ஒரு வார்த்தை சொன்னார், 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் ஏமாற்றம் தொனிக்கிறது. எனக்கென்னவோ உங்கள் கூடைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை கிடைத்திருக்காது என்றே படுகிறது. உறவுக்காரர்கள் நிறம் நன்றாக இருக்கிறது என்பார்கள், கல்யாணத்துக்குப் போகும்போது எடுத்துப் போவார்கள். இவரோ தினமும் சுமை தூக்குகிறவர். ஒயர் கூடை முதலில் தளர்வது கைப்பிடி சேருகிற இடத்தில்தான் என்பது உங்களுக்கே தெரியும். கைப்பிடி ஒயரை அடியிலிருந்து ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்களா, வாயோரத்தில் செருகி முடித்துவிட்டார்களா என்பதை அவர் இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார். தொழில் தெரிந்த ஒருவர் தொழில் தெரிந்த இன்னொருவரின் பொருளைப் பார்க்கிற விதம் அது. பார்த்து, சரி என்று எடுத்துக்கொண்டார். நீங்கள் இரக்கப்பட்டுக் கொடுத்தீர்கள். அவர் அதை நல்ல வேலைப்பாடு என்று வாங்கிக்கொண்டார். இரண்டுக்கும் இடையில் இருக்கிற தூரத்தை நீங்கள் கவனிக்கவில்லை.

இப்போது பழத்துக்கு வருகிறேன். மாசியில் கொடுத்த கூடைக்கு வைகாசியில் பதில் வந்திருக்கிறது. மாசியில் பண்ருட்டிப் பக்கத்து மரங்களில் காய்கள் சிறிதாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அன்றைக்கே உங்களுக்கென்று ஒரு காயைக் குறித்து வைத்தாரோ, வைகாசி பிறந்த பிறகு தேர்ந்தாரோ, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் அவசரப்படவில்லை. மறுநாளே இரண்டு கட்டுக் கீரையை இலவசமாகப் போட்டுக் கணக்கை முடித்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. தன்னிடம் இருப்பதில் நல்லது எதுவோ அது விளையட்டும் என்று இருந்திருக்கிறார்.

விளைந்த பலாவைத் தட்டினால் சத்தம் மந்தமாக வரும். முள் நெருங்கிக் கூராக இருந்தால் இன்னும் நாளாகும். விரிந்து மழுங்கியிருந்தால் பருவம் வந்துவிட்டது என்று பொருள். இதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குக் கேள்வி ஞானம். பழத்தை உருட்டிப் பார்த்துவிட்டு 'நாளை மறுநாள் வெட்டுங்கள்' என்று நாள் சொல்வதற்கு மரத்தோடு வாழ்ந்திருக்க வேண்டும். மண்டியில் லாரி ஏறிச் சென்னைக்குப் போகிற பழத்துக்கு யாரும் இப்படி நாள் குறித்து அனுப்புவதில்லை. யார் வீட்டுக்குப் போகிறது, யார் வெட்டப்போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்துக் கொடுக்கும்போதுதான் அந்த வாக்கியம் வாயில் வரும்.

அதோடு 'தானே' புயல். 2011 டிசம்பர் 30 காலை அது கரையைக் கடந்தது உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில். புதுச்சேரியில் இருந்த எங்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததுதான் இன்றுவரை சொல்கிற பெரிய கதை. பண்ருட்டிச் செம்மண்ணில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தாத்தா வைத்துப் பேரன் காய் பறித்த மரங்கள். ஒட்டுக்கன்று வைத்தாலும் பலா காய்க்க நாலைந்து வருடம் ஆகும். கொட்டை போட்டு வளர்த்தால் இன்னும் கூடும். புயலுக்குப் பிறகு வைத்த மரத்தில் காய் என்றால், வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை வருடம் கீரை விற்றிருப்பார் என்று யோசியுங்கள். அதையெல்லாம் அவர் உங்களிடம் விவரிக்கவில்லை. 'அப்புறம் வைத்தது இது' என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு முடிந்த சூட்டில் நீங்கள் ஐந்நூறு ரூபாயோடு வந்து நின்றீர்கள்.

உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நல்ல மனம் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கை நீளும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவருடைய இரண்டு நாள் வருமானத்தை நீங்கள் கணக்குப் போட்டீர்கள். உங்கள் ஓய்வூதியம் எவ்வளவு, ஒயர் என்ன விலை, டீச்சரம்மாவுக்கு இது கட்டுப்படியாகுமா என்று கூடையை வாங்கும்போது அவர் கணக்குப் போட்டாரா? கொடுக்கும் இடத்தில் இருந்து பழகியவர்களுக்கு வாங்கும் இடம் கூசும். ஆசிரியர்களுக்குக் கூடுதலாகவே கூசும் என்பது என் அனுபவம், என் வீட்டிலும் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார். தெரு முழுக்கக் கூடை கொடுத்து வைத்திருக்கிற உங்களுக்கு, ஒரு கீரை விற்கிறவர் உங்களைவிடப் பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் நிலை தடுமாறிவிட்டது. பணத்தைக் கொடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்த்தீர்கள். அது அவருக்குப் புரிந்துவிட்டது.

பணம் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் மொய்யை மட்டமாகப் பேசுவது படித்தவர்களுக்கு ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைக்கிறார்கள். பந்தல் போட்டு, சோறு போட்டு, வாசலில் நோட்டுப் போட்டு எழுதி வாங்குகிறார்கள். வாங்கியவர் கொடுத்தவரின் முறை வரும்போது கொஞ்சம் கூட்டிச் செய்வார். வங்கிக்குப் போக முடியாதவன் முதல் திரட்டுகிற வழி அது. நோட்டு எல்லோர் கண் முன்னாலும் இருக்கிறது, யாரும் அதை அன்பு என்று சொல்லி ஏமாற்றுவதில்லை. உங்கள் வாசலில் அன்று நோட்டு இல்லை. இல்லாத நோட்டில் நீங்கள் ஒரு வரவு எழுதப் பார்த்தீர்கள். உங்கள் கணவர் அதே நோட்டில் அடிக்கோடு போட்டுக் கூட்டலைச் சரிபார்க்கிறார். அவரிடமும் சொல்லுங்கள், தீர்ந்ததாக அந்த அம்மாள் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கோபித்துக்கொண்டு தெருவை மாற்றியிருக்க மாட்டார்.

புறநானூற்றின் 208ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. மலையும் குன்றும் கடந்து பரிசில் பெற வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலேயே, இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று அதியமான் நெடுமான் அஞ்சி பொருள் கொடுத்தனுப்பிவிட்டான். இத்தனைக்கும் பசி தெரிந்த புலவர் அவர். என்னைக் காணாமல் கொடுத்த இந்தப் பொருளுக்கு நான் வியாபாரப் பரிசில்காரன் அல்லன், என் தகுதி அறிந்து தருவதாக இருந்தால் தினையளவு என்றாலும் எனக்கு அது இனிது என்று பாடிவிட்டார். வாங்காமல் திரும்புகிற ஏழையின் முகத்தை அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிடவில்லை. உங்கள் ஐந்நூறு ரூபாய் அவரை நேரில் வைத்துக்கொண்டே அவரைக் காணாமல் கொடுத்தது. (அளவறிந்து கொடுப்பது என்று பார்த்தால், இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குப் பதினைந்து கிலோ என்பது கொஞ்சம் அளவு மீறியதுதான். அந்த அம்மாளிடமும் ஒரு குறை இருக்கட்டும்.)

அந்தக் குறையிலும் ஒரு நன்மை உண்டு. பலாவைப் பூட்டி வைத்துச் சாப்பிட முடியாது. கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, சாக்கு விரித்து, பிளந்து, நடுத்தண்டை எடுத்து, வடிகிற பாலைக் காகிதத்தால் ஒற்றி, சடையை விலக்கிச் சுளை எடுத்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். பிறகு நாலு வீட்டுக்குக் கிண்ணத்தில் போட்டு அனுப்பாமல் தீராது. நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று நம் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வற்றல் குழம்பு வந்த கிண்ணத்தில் அன்று சாயங்காலமே வற்றல் குழம்பு ஊற்றித் திருப்பினால், உங்கள் குழம்பு எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். கொஞ்ச நாள் போக வேண்டும், வேறு பொருளாக இருக்க வேண்டும், அளவு பொருந்தாமல் இருக்க வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மாளின் பழம் இந்த மூன்றுக்கும் பொருந்தி வந்தது. உங்களுக்கும் இந்த வழக்கம் தெரியாமல் இருக்காது. எதிரில் நின்றவர் கீரை விற்கிறவர் என்பதால் அன்று அது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே இன்னொரு கூடை இப்போது வேண்டாம். அது பழத்துக்குக் கூலி கொடுத்ததாகிவிடும். பேத்தியின் படிப்புக்கு உதவ வேண்டும் என்று உண்மையாகவே தோன்றினால் பள்ளி திறந்து சில மாதம் போகட்டும். நீங்கள் ஆசிரியை. பணம் கொடுப்பதைவிட அந்தப் பெண்ணுக்குக் கணக்கில் எங்கே தடுமாற்றம் என்று கேட்பது உங்களுக்கு எளிது, அவர்களுக்கும் கூச்சம் இருக்காது. அதையும் பலாவோடு முடிச்சுப் போடாதீர்கள்.

நாளைக் காலையில் பான்பரி மார்க்கெட்டுக்குப் போங்கள். உங்கள் கூடையை அவர் இன்னும் வைத்திருந்தால் கைப்பிடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மன்னிப்பு என்று நீட்டி முழக்க வேண்டாம், நாலு பேர் நடுவில் அவருக்குச் சங்கடம். பழம் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். சுளை என்ன நிறம், யார் யார் வீட்டுக்குப் போனது, கொட்டையைக் கத்தரிக்காயோடு போட்டீர்களா, கருவாட்டோடு போட்டீர்களா என்று விவரமாகச் சொல்லுங்கள். கொடுத்தவருக்கு அது தெரிய வேண்டும், இத்தனை நாளாகத் தெரியாமல் இருக்கிறது. சொன்ன நாளில் வெட்டாமல் முந்திக்கொண்டு வெட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், திட்டுவார். திட்டினால் பாதி சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு இரண்டு கட்டுக் கீரை வாங்குங்கள். விலையைக் கேட்டதும் எப்போதும் போல் குறைத்துக் கேளுங்கள். பேரம் பேச வாய் வராது என்று எழுதியிருக்கிறீர்கள், வரவழைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு மீதி இருக்கட்டும் என்று சொல்லிவிடாதீர்கள். சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து