கடமைகளைச் சரியாகச் செய்தால் போதாதா? தேவனிடத்தில் அன்புகூருவது அவ்வளவு முக்கியமா?

கேட்டவர் தன் நிலையை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சிறுவயதிலிருந்து ஆலயத்துக்குப் போகிறார், வேதம் வாசிக்கிறார், வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைக் கொடுக்கிறார். ஆனால் தேவனிடத்தில் உண்மையாகவே அன்பு இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. கடமையைச் செய்தால் போதாதா என்கிறார்.

போதாது என்பதுதான் என் பதில். உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. நானும் ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம் என்று வளர்ந்தவள்தான். நம்மைப் போன்ற பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரத்தான் வேண்டும்.

கற்பனைகளில் பிரதானமானது எது என்று ஒரு வேதபாரகன் கேட்டபோது, முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழு மனதோடும், முழுப் பலத்தோடும் தேவனிடத்தில் அன்புகூரச் சொன்னார் இயேசு (மாற்கு 12). இது நாம் மனப்பாடமாகச் சொல்லும் வசனம். ஆனால் உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எபேசு சபையின் கதையில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எபேசு இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த பெரிய பட்டணம். தியானாள் கோயிலுக்குப் பேர்போனது. பவுல் அங்கே மூன்று வருஷம் ஊழியம் செய்தார். அப்போது நடந்த ஒன்று அப்போஸ்தலர் 19-ல் இருக்கிறது. மாயவித்தை செய்துவந்தவர்கள் விசுவாசிகளானதும் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். விலையைக் கணக்குப் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஒருவர் நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். விற்றிருக்கலாம், வாங்க ஆளும் இருந்திருக்கும். எரிக்கச் சொல்லி பவுல் கட்டளையிட்டதாகவும் அங்கே எழுதியிருக்கவில்லை. அவர்களாகவே கொண்டுவந்தார்கள்.

அடுத்த அதிகாரத்தில் அந்தச் சபையின் மூப்பர்களை பவுல் மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெறுகிறார். இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்றதும் அவர்கள் மிகவும் அழுது, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டு, கப்பல்வரை கூடவே போய் வழியனுப்புகிறார்கள். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி வசனமும், கர்த்தராகிய இயேசுவினிடத்தில் அழியாத அன்புள்ளவர்களுக்குக் கிருபை உண்டாக வேண்டும் என்ற வாழ்த்துத்தான்.

பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி அதற்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது வருஷம் ஓடிவிடுகிறது. பத்மு தீவில் யோவான் மூலமாக அதே சபைக்கு இயேசுவிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது (வெளிப்படுத்தின விசேஷம் 2). முதலில் பாராட்டு: கிரியை இருக்கிறது, பிரயாசம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது. பொல்லாதவர்களைச் சகிக்கவில்லை. கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அவர் நாமத்தினிமித்தம் கஷ்டப்பட்டும் இளைத்துப்போகவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு சபை இருந்தால் மற்ற சேகரத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அப்புறம் வருகிறது அந்த வரி: “நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்.” மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டை, அதாவது அந்தச் சபையையே, அதன் இடத்திலிருந்து நீக்கிவிடுவேன் என்கிறார். இவ்வளவு இருந்தும் அன்பு ஒன்று குறைந்ததற்கு எச்சரிப்பு இவ்வளவு கடுமையாக இருக்கிறதென்றால், அது பத்துக் கடமைகளோடு பதினொன்றாவது இல்லை.

ஏன் என்றால், கடமையை மட்டும் பிடித்துக்கொண்டு அவருடைய வீட்டிலேயே அந்நியராக வாழ முடியும். கெட்ட குமாரன் உவமையில் வரும் மூத்த மகனைப் பாருங்கள். ஓடிப்போன தம்பி திரும்பி வந்ததற்கு விருந்து வைத்த தகப்பனிடம், இத்தனை வருஷமாய் ஊழியம் செய்தேன், ஒருபோதும் உம் கற்பனையை மீறவில்லை என்கிறான். அவன் சொன்னது பொய் என்று தகப்பன்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்டது என்ன? தன் சிநேகிதரோடே சந்தோஷமாயிருக்க ஒரு ஆட்டுக்குட்டி. தகப்பனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை.

சரி, அன்பு குறைந்துபோனவர் என்ன செய்வது? இங்கேதான் அந்தக் கடிதம் எனக்கு மிகவும் ஆறுதலாக இருக்கிறது. உணர்ச்சியை வரவழை, கண்ணீர் விடு என்று அவர் கேட்கவில்லை. எங்கேயிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். கன்வென்ஷன் கூட்டத்தில் மற்றவர்கள் கைதூக்கி அழும்போது நமக்கு ஒன்றும் வரவில்லையே என்று பலர் உள்ளுக்குள் வெந்துபோகிறார்கள். அதை வைத்து உங்களை அளக்காதீர்கள்.

நினைப்பது என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது என் அம்மா. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி எடுக்கும் வழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். அம்மா போடும்போது “ஸ்தோத்திரம்பா” என்று வாய்க்குள் சொல்வாள். ஒரு மாசக் கடைசியில் அரிசிப்பானையின் அடி தெரிந்தது. நான் “இன்னைக்கு மட்டும் வேண்டாமே” என்றேன். “அவரு எனக்கு என்னெல்லாம் செஞ்சிருக்காருன்னு ஒனக்குத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே பிடியை டப்பாவில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அவள் செய்ததும் கடமைதான். ஆனால் அது ஒரு நினைவிலிருந்து வந்தது. “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்” என்று யோவான் எழுதியதும் இந்த வரிசையைத்தான். நம்முடைய அன்பு எப்போதும் பதில் அன்பு.

ஆகவே அன்பு இருக்கிறதா என்று உங்களையே தோண்டிப் பார்ப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவரைப் பாருங்கள். லூக்கா 7-ஐ மெதுவாக வாசியுங்கள். 500 வெள்ளிக்காசு கடன்பட்டவனுக்கும் 50 வெள்ளிக்காசு கடன்பட்டவனுக்கும் கடன் மன்னிக்கப்பட்டது, யார் அதிகமாய் அன்புகூருவான் என்று இயேசு சீமோன் என்ற பரிசேயனிடம் கேட்கிறார். பரம்பரைக் கிறிஸ்தவர்களான நமக்கு நம் கடன் எப்போதும் ஐம்பதாகவே தெரிகிறது. நம் வீட்டார் நம்மைப் பொறுத்துக்கொண்டதையும், வெளியே தெரியாமல் தேவன் மூடிக்காத்ததையும் யோசித்தால் தொகை தானாக ஏறும். அன்பு வரவில்லை என்றால் அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். “ஆண்டவரே, உம்மை நேசிக்க ஆசைப்படுகிறேன், முடியவில்லை” என்பது உண்மையான ஜெபம். அதை அவர் தள்ளிவிடமாட்டார் என்று முழு நிச்சயத்தோடு சொல்கிறேன்.

யோவான் தன் கடைசிக் காலத்தை எபேசுவில்தான் கழித்தார் என்பது பழைய சபைப் பாரம்பரியம். அவர் நடக்க முடியாத முதுமையில் சபைக்குத் தூக்கிவரப்பட்டு, பிள்ளைகளே, ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னதாகப் பழைய வேத அறிஞரான ஜெரோம் எழுதியிருக்கிறார். தேவனிடத்தில் அன்புகூருகிறேன் என்று சொல்லிக்கொண்டு சகோதரனைப் பகைக்கிறவன் பொய்யன் என்று எழுதியவரும் அவரே. எங்கள் பக்கம் சபைத் தேர்தல் வந்தால் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்குள் பேச்சு நின்றுபோகும். ஒரே திருவிருந்தில் முழங்கால்படியிட்டுவிட்டு வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். இந்தக் கசப்பை வைத்துக்கொண்டு தேவன்மேல் அன்பு வளரவே வளராது.

அதனால் உங்களுக்கு ஆதிக் கிரியை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் இதைச் சொல்வேன்: நீங்கள் பேச்சை நிறுத்தியிருக்கும் ஆள் யாராவது இருந்தால் இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்று மத்தேயு 5-ல் இயேசு சொல்லியிருக்கிறார். தசமபாகக் கவரைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.