அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஒரு கோச் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்கிறாரா என்று எதை வைத்துச் சொல்வது? மினசோட்டா 2003-க்குப் பிறகு கோப்பையே வாங்கவில்லையே?

கோப்பையை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லலாம் என்று நினைப்பவர்களோடுதான் ஒவ்வொரு குளிர்காலமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். ஹாக்கி என்றால் எங்கள் ஊரில் மட்டை, பந்து, மைதானம். பனிக்கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மினியாபொலிஸுக்கு வேலைக்கு வந்த பிறகு, அலுவலக நண்பர் ஒருவர் இழுத்துப்போய் மரியூச்சி அரங்கில் உட்கார வைத்தார். அன்றிலிருந்து நானும் கோஃபர்ஸ் ரசிகன். மினசோட்டா பல்கலைக்கழக அணியின் பெயர் அது. பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். 1970-களில் ஹெர்ப் புரூக்ஸ் கோச்சாக இருந்து 1974, 1976, 1979 என்று மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்ததை நேரில் பார்த்தவர். அவருக்கு அதற்குப் பிறகு வந்த எந்த கோச்சும் உருப்படி இல்லை. "இந்த ஆளை மாத்தணும்" என்பது அவருக்கு வணக்கம் சொல்வது மாதிரி.

நீங்கள் சொல்லும் 2003 சரிதான். மொத்தம் ஐந்து கோப்பை. கடைசி இரண்டும் 2002, 2003-இல் டான் லூசியா காலத்தில் வந்தவை. ஆனால் அதே லூசியா எப்படி வெளியே போனார் என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும்.

முதல் டிவிஷனில் ஆண்கள் அணிகள் அறுபதுக்கு மேல். சீசன் முடிவில் அதிலிருந்து பதினாறு அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். கான்ஃபரன்ஸ் என்றால் கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்; ஆறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் நேராக உள்ளே. மீதி இடங்கள் கணக்குப் போட்டு வரும் தரவரிசைப்படி. அப்போது அதற்கு பேர்வைஸ் என்று பெயர். 2018 மார்ச்சில் கடைசி இடத்துக்கு இரண்டு மினசோட்டா அணிகள் போட்டி: எங்கள் கோஃபர்ஸ், வடக்கே டுலூத் நகரத்து அணி. கணக்கில் டுலூத் 0.0001 வித்தியாசத்தில் முந்தியது. நம் ஊர் இன்ஜினியரிங் கட்-ஆஃபில்கூட இத்தனை பொடியான வித்தியாசத்தில் யாரும் சீட்டை இழந்திருக்க மாட்டார்கள். அதுவும் இவர்கள் ஆடாத நாளில், வேறு அணிகள் ஆடிய ஆட்டங்களின் முடிவால்.

கோஃபர்ஸ் வீட்டில் உட்கார்ந்தார்கள். சில நாளிலேயே லூசியா பதவி விலகினார், பத்தொன்பது சீசனுக்குப் பிறகு. உள்ளே போன டுலூத் என்ன செய்தது? நான்கு ஆட்டம், நான்கிலும் ஒரே ஒரு கோல் வித்தியாசம், கோப்பை. ஃபைனல் நடந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? எங்கள் அரங்கிலிருந்து கொஞ்ச தூரத்தில், செயின்ட் பாலில்.

டுலூத் கோச் ஸ்காட் சாண்டலின் அன்று மேதை ஆனார். லூசியா காலாவதி ஆனார். நடுவே நின்றது அந்த 0.0001. லூசியாவின் கடைசி ஆண்டுகள் பிரமாதம் என்று நான் வாதாடவில்லை. 2014-இல் ஃபைனல் வரை போனதற்குப் பிறகு அணி மந்தமாகத்தான் இருந்தது. ஆனால் "தேசியப் போட்டிக்கே போகாத கோச்", "தேசிய சாம்பியன் கோச்" என்று இரண்டு பேரைப் பிரிக்க அந்த எண் போதுமா?

அதே 2018-இல் இன்னொரு கூத்து. தரவரிசையில் முதலிடம் செயின்ட் கிளவுட் ஸ்டேட். முதல் சுற்றிலேயே ஏர் ஃபோர்ஸ் அகாடமியிடம் 4-1 என்று தோற்றது. அந்த செயின்ட் கிளவுடின் கோச் பாப் மோட்ஸ்கோ. தோற்று சில நாள்கூட ஆகவில்லை, லூசியாவின் இடத்துக்கு மினசோட்டா தேர்ந்தெடுத்தது இவரைத்தான். பெரியவருக்கு அன்று வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் அடுத்த ஆண்டைப் பாருங்கள். செயின்ட் கிளவுடுக்குப் புது கோச், மறுபடி முதலிடம், மறுபடி முதல் சுற்றில் தோல்வி. இந்த முறை அமெரிக்கன் இன்டர்நேஷனல் என்ற சின்னக் கல்லூரியிடம் 2-1. கோச் மாறினார், முடிவு மாறவில்லை. ஐஸ் ஹாக்கியில் ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் மூட்டை கட்டு என்றால் அப்படித்தான். எதிரணி கோல்கீப்பருக்கு நல்ல நாள், பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) ஒருவன் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பியது, அவ்வளவுதான். நான்கு ஆட்டம் தொடர்ந்து இந்தக் கண்டத்திலிருந்து தப்பினால்தான் கோப்பை.

பாவம் அந்த சின்னக் கல்லூரி. நம்பர் ஒன் அணியைச் சாய்த்தவர்கள். செலவு கட்டுப்படியாகாமல் 2025-இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டார்கள். அங்கே கோச் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தாரா என்று கேட்டால், பத்து மடங்கு செய்தார். இது ஏன் முக்கியம் என்றால், எதிர்பார்ப்பு என்பது கோச்சுக்கு முன்னாலேயே அந்தக் கல்லூரியில் இருப்பது. பத்தாயிரம் பேர் உட்காரும் அரங்கம், மாநிலம் முழுக்க ஐஸில் வளரும் பையன்கள், பணம் என்று எல்லாம் இருக்கிற மினசோட்டாவில் பதினாறுக்குள் வராமல் இருப்பது தோல்வி. வேறு பல இடங்களில் அதுவே திருவிழா.

சரி, எதைப் பார்ப்பது?

நான் முதலில் பார்ப்பது, நாலு வருடத்தில் எத்தனை முறை அந்தப் பதினாறுக்குள் வந்தார் என்பது. ஒவ்வொரு முறையும் ஒரு சீசனின் முப்பது முப்பத்தைந்து ஆட்டத்தின் கூட்டுக் கணக்கு அது. ஒரு ராத்திரி அதிர்ஷ்டத்தை விட நம்பகமானது. நாலு வருடம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரிப் பையன் நாலு வருடம் ஆடுவான். புது கோச் வந்த முதல் இரண்டு வருடம் பழைய கோச் பிடித்து வைத்த பையன்களோடுதான் ஓட்ட வேண்டும். மோட்ஸ்கோவின் முதல் சீசனில் மினசோட்டா தேசியப் போட்டிக்குப் போகவில்லை. இரண்டாவது சீசனில் கோவிட் வந்து போட்டியே ரத்து. அதற்குப் பிறகு 2021 முதல் 2025 வரை ஐந்து வருடமும் உள்ளே. அதில் 2022, 2023 இரண்டிலும் கடைசி நாலுக்குள்.

இங்கே பொறுமைக்கும் ஒரு எல்லை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டுலூத்தைப் பாருங்கள். சாண்டலின் 2000-இல் சேர்ந்தார், முதல் சீசனில் ஏழே வெற்றி. 2004-இல் கடைசி நாலுக்குள் கொண்டுபோனார். உடனே மறுபடி சரிவு. தொடர்ந்து நாலு சீசன் வெற்றியை விடத் தோல்வி அதிகம். 2008-இல் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அனுப்பவில்லை. 2011, 2018, 2019 என்று மூன்று கோப்பை.

இரண்டாவது, பையன்கள் வளர்கிறார்களா? இதற்கு ஸ்கோர்போர்டு தேவையில்லை. அக்டோபரில் பக் கிடைத்ததும் பதறி, பார்க்காமல் சுவரில் அடித்துத் தள்ளுகிற முதலாண்டுப் பையனைக் குறித்து வையுங்கள். பிப்ரவரியில் அதே மூலையில், முதுகில் எதிராளி இடிக்க வருகிறான் என்று தெரிந்தும், தலையைத் தூக்கி ஒரு நொடி காத்திருந்து நடுவில் வருபவனுக்குக் கொடுக்கிறானா? கொடுத்தால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோல் வாங்கிய அடுத்த நிமிடத்தில் கோச் யாரை இறக்குகிறார் என்பதையும் நான் கவனிப்பேன். நட்சத்திரங்களையே திரும்பத் திரும்ப இறக்கினால் மூன்றாவது, நாலாவது வரிசை (மாறி மாறி இறங்கும் வீரர் குழு) மீது அவருக்கு நம்பிக்கை இல்லை; மார்ச் வரும்போது அந்த வரிசைகள் கைவிடும்.

புரோக் ஃபேபரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்து மூன்று வருடம் ஆடி, கடைசி வருடம் கேப்டன். அடுத்த சீசனிலேயே என்.எச்.எல். என்ற தொழில்முறை லீகில் சிறந்த புதுமுகம் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம். இதில் ஒரு வேதனையான விஷயம், கோச் நன்றாக வளர்த்தால் அதே காரணத்தால் பையன் சீக்கிரம் கிளம்பிவிடுவான். 2023 ஃபைனல் முடிந்த கையோடு ஃபேபரும் மேத்யூ நைஸும் ஒப்பந்தம் போட்டுப் போனார்கள். லோகன் கூலி அந்தக் கோடையில். "அடுத்த வருடம் அணி ஏன் இறங்கியது" என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இப்போது அந்த 2023 ஃபைனலுக்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு எதிரான சாட்சி அதுதான். டாம்பாவில், குவினிபியாக்குக்கு எதிராக. கனெக்டிகட்டில் உள்ள பல்கலைக்கழகம் அது. அதன் கோச் ராண்ட் பெக்னோல்ட் 1994-இலிருந்து அங்கேயே இருப்பவர். மினசோட்டா 2-0 என்று முன்னிலை. பிறகு 2-1. கடைசி இருபது நிமிடமான மூன்றாவது பீரியடில் எங்கள் பையன்கள் தங்கள் எல்லையை விட்டு வெளியே வரவே திணறினார்கள். பக்கை வெளியே தள்ளுவது, ஆள் மாற்றுவது, மறுபடி அது உள்ளே வருவது, இதே கதை. மூன்று நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும்போது குவினிபியாக் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கிய நிலையில் சமன் செய்தது. ஓவர்டைமில் முதல் கோல் அடிப்பவருக்கே வெற்றி. அது தொடங்கிப் பத்தாவது நொடியில் குவினிபியாக்கின் ஜேக்கப் குவிலன் கோல் அடித்து முடித்துவிட்டார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து திரும்பி உட்காருவதற்குள் சீசன் முடிந்துபோயிருந்தது.

பத்து நொடி என்றதும் நான் "பார்த்தீர்களா, அதிர்ஷ்டம்" என்றேன். பெரியவர் விடவில்லை. "அது நடுக்கோட்டு ஃபேஸ்-ஆஃபில் இருந்து வரைஞ்சு வச்ச ஆட்டம். அவங்க கோச் வரைஞ்சிருக்கான், நம்மாளு வரையலை." ஃபேஸ்-ஆஃப் என்பது நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. அவர் சொன்னதில் பாதி நியாயம். அது முன்கூட்டியே திட்டமிட்ட நகர்வுதான். அதை விட எனக்கு உறுத்துவது மூன்றாவது பீரியட். முன்னிலையில் இருக்கும் அணி கோல் பக்கம் ஷாட்டே அடிக்காமல் காவல் காத்து உட்கார்ந்ததற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே கோச்தான் பொறுப்பு. ஒரு தோல்வியைப் பிரித்துப் பார்ப்பது என்றால் இதுதான்: கடைசிப் பத்து நொடியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய இருபது நிமிடத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டும்.

ஜெயிப்பது மட்டும் போதும் என்பவர்களுக்கு மிச்சிகன் கதை ஒன்று உண்டு. மெல் பியர்சன் அங்கே கோச்சாக 2018, 2022 இரண்டிலும் கடைசி நாலு வரை கொண்டுபோனார். 2022 ஏப்ரலில் செமி ஃபைனல். ஆகஸ்டில் வேலை இல்லை. அணிக்குள் ஊழியர்களையும் வீரர்களையும் நடத்தும் விதம் பற்றி வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனம் விசாரித்து அறிக்கை கொடுத்திருந்தது. பல்கலைக்கழகம் அவரை வேலையில் தொடர விடவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் அடுத்த வருடமே மறுபடி கடைசி நாலுக்குள் கொண்டுபோனார் என்பது தனி விஷயம். பதினெட்டு, இருபது வயதுப் பையன்களைப் பெற்றோர் நம்பி அனுப்புகிற இடம் இது. கோப்பை அலமாரியில் இந்தக் கணக்கு தெரியாது.

ரசிகர்கள் கோச் தலையில் கட்டும் சில விஷயங்கள் அவர் கையிலேயே இல்லை. 2013-இல் மினசோட்டா பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு மாறியபோது, அக்கம்பக்கத்துப் பழைய எதிரிகளுடனான வழக்கமான ஆட்டங்கள் போயின, கூட்டமும் குறைந்தது. பெரியவர் அதற்கும் கோச்சைத்தான் திட்டுவார்.

இதற்கு மேல் 2025-இல் விதிகளே மாறிவிட்டன. முன்பு கனடாவின் மேஜர் ஜூனியர் லீகில் (இளைஞர்களுக்கான உயர்நிலை லீக்) ஆடிய பையன் அமெரிக்கக் கல்லூரிக்கு வர முடியாது, இப்போது வரலாம். பதினெட்டு ஸ்காலர்ஷிப் என்று இருந்த உச்சவரம்பு போய், வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழிசெய்யும் புது ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு இருபத்தாறு பேர் கொண்ட அணி என்ற வரம்பு வந்திருக்கிறது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதும் சுலபம். பேர்வைஸுக்குப் பதில் புதுக் கணக்கு முறை. ஆகவே நான் சொன்ன நாலு வருட அளவுகோலை இனி அப்படியே பிடித்துக்கொண்டிருக்க மாட்டேன். ஒரே கோடையில் அணியைத் திருப்பிப்போட வசதி இருக்கும்போது, மூன்றாவது வருடத்திலேயே கணக்குக் கேட்கலாம்.

மோட்ஸ்கோவின் முதல் ஏழு சீசனுக்கு என் தீர்ப்பைக் கேட்டால்: ஐந்து முறை தேசியப் போட்டி, இரண்டு முறை கடைசி நாலு, ஒரு ஃபைனல், பிக் டென் லீக் சுற்றுப் பட்டம் 2022, 2023-இல், 2025-இல் மிச்சிகன் ஸ்டேட்டுடன் பகிர்ந்து. மினசோட்டாவின் வசதிக்கு இது "பூர்த்தி செய்தார்" என்ற பக்கம்தான் விழுகிறது, டாம்பாவின் மூன்றாவது பீரியடைக் கழித்த பிறகும். 2025 மார்ச்சில் முதல் சுற்றில் மாசசூசெட்ஸிடம் ஓவர்டைமில் 5-4 என்று தோற்ற அன்று ராத்திரி கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். பெரியவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரிடம் இந்தப் பதிலைக் காட்டப் போவதும் இல்லை.