வாகனம், ஊர்தி, வண்டி, வண்டில்: பிள்ளை எழுதினது பிழையோ?

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறா. எட்டாம் ஆண்டு படிக்கிற மகளுக்கு 'வாகனம்' எண்ட சொல்லுக்கு ஒத்தகருத்துச் சொல் எழுதச் சொல்லிக் குடுத்திருக்கு, பிள்ளை ஊர்தி, வண்டி, வண்டில், தேர், சகடம் எண்டு எழுதியிருக்கு, ஊர்திக்கு மட்டும் சரி போட்டுட்டு மிச்சமெல்லாம் வெட்டி, வண்டிலுக்குப் பக்கத்தில 'கொச்சை' எண்டும் எழுதி விட்டிருக்கினமாம். பரம்பரையா நாங்கள் சொல்லுற சொல் எப்பிடிக் கொச்சையாகும், சோதினைக்குப் பிள்ளை என்னத்தை எழுதுறது எண்டு கேள்வி.

தங்கச்சி, வெட்டினது சரி, கொச்சை எண்டு எழுதினது பிழை. இது ரெண்டும் வேற வேற விசயம், பிள்ளைக்கும் அப்பிடிப் பிரிச்சே சொல்லிக் குடுங்கோ.

வாகனம் வடமொழியில இருந்து வந்த சொல், சுமக்கிறது, கொண்டுபோறது எண்ட கருத்துள்ள 'வஹ்' எண்ட வேரில இருந்து வந்தது. விவாகம், பிரவாகம் எல்லாம் அதே வேர் தான். ஆக, சுமந்து கொண்டுபோற எதுவும் வாகனம். சில்லு இருக்கோணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை, அதால தான் முருகனுக்கு மயிலும் பிள்ளையாருக்கு எலியும் வாகனம், கோயில் திருவிழாவில சாமி எழுந்தருளுற இடபமும் குதிரையும் வாகனம், ஏ9 வீதியில முறிகண்டியில நிண்டு தேங்காய் உடைச்சுக் கச்சானும் வாங்கிக்கொண்டு போற பஸ், லொறி, கார் எல்லாமும் வாகனம். அவ்வளவு அகலமான சொல்லுக்குப் பக்கத்தில வண்டிலைக் கொண்டுபோய் வைச்சா வண்டில் அதில ஒரு வகை மட்டும் தான். வகையைச் சொல்லுறது ஒத்தகருத்து ஆகாது. வண்டி, தேர், சகடம் எல்லாமும் அப்பிடித்தான்.

ஊர்தி மட்டும் ஏன் சரி எண்டா அதுவும் அதே அளவுக்கு அகலம். 'ஊர்' எண்ட வினைக்கு இண்டைக்குப் புழு ஊருறது, எறும்பு ஊருறது எண்ட கருத்துத் தான் எங்களுக்கு முதல் ஞாபகம் வரும், ஆனா பழைய தமிழில ஏறிப் போறதும் ஊர்தல் தான், வள்ளுவர் சிவிகையை, அதாவது பல்லக்கை, சுமக்கிறவனைப் 'பொறுத்தான்' எண்டும் அதில ஏறிப் போறவனை 'ஊர்ந்தான்' எண்டும் தான் சொல்லுறார். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில சிவனுக்கு 'ஊர்தி வால்வெள் ளேறே' எண்டு வருது, வெள்ளை எருது தான் அவருக்கு ஊர்தி. அதே நூலில 27ஆம் பாட்டில 'வலவன் ஏவா வானவூர்தி' எண்டும் இருக்கு, வலவன் எண்டா சாரதி, சாரதி இல்லாமலே வானத்தில போற ஊர்தி. மாட்டில இருந்து வானத்தில போறது வரைக்கும் ஒரு சொல்லுக்குள்ள அடங்கினா அது தான் வாகனத்துக்குச் சரியான சோடி. பாரவூர்தி, அலங்கார ஊர்தி எண்டு இப்பவும் நாங்கள் பாவிக்கிறது அதே சொல்லைத் தான்.

இனி வண்டில். இதில எனக்கு உண்மையிலயே மனவருத்தம், ஏனெண்டா பிள்ளையள் தங்கட வீட்டுச் சொல்லுக்கு வெக்கப்படுறது இப்பிடி ஒரு சிவப்புக் கோட்டில இருந்து தான் துவங்கிறது. வண்டி, பண்டி, வண்டில் எண்டு மூண்டு வடிவமும் தமிழில இருக்கு, அகராதியளிலயும் இருக்கு, தெலுங்கிலயும் கன்னடத்திலயும் பண்டி எண்டு தான் சொல்லுறது. அதில வண்டிலை எங்கட சனம் இண்டைக்கும் கைவிடாமல் வைச்சிருக்கு. இஞ்ச அது நிலைச்சு நிக்கிறதுக்கு இன்னொரு வசதியும் இருக்கு: எங்கட பேச்சில வண்டி எண்டா வயிறு, ஒருத்தருக்கு 'வண்டி வைச்சிட்டுது' எண்டா அவர் வாகனம் வாங்கினதா ஆரும் நினைக்க மாட்டினம். அப்ப மாடு பூட்டிறதுக்கு வண்டில் எண்ட சொல் இருந்தாச் சிக்கல் இல்லைத் தானே. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டில் கட்டிக்கொண்டு போன சனம், சவாரிக்கு வண்டில் பூட்டுற சனம், இவையின்ர வாயில இருக்கிற சொல் கொச்சை இல்லை. எழுத்தில 'மாட்டுவண்டில்' எண்டு தாராளமா எழுதலாம். 'வண்டி' எண்ட சொல்லுக்கு ஒத்தகருத்துக் கேட்டா வண்டில், பண்டி, சகடம், சாகாடு நாலும் சரி.

சாகாடு எண்டது குறள் 475இல வருது, மயிலிறகு ஏத்தின வண்டிலாயிருந்தாலும் அளவுக்கு மிஞ்சி ஏத்தினா அச்சு முறியும் எண்டு. சகடம் புறநானூறு 102இல இருக்கு, அது ஔவையார் பாட்டு, இதைப் பிள்ளைக்குக் கட்டாயம் வாசிச்சுக் காட்டுங்கோ, வன்னிப் பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை: எருதுகள் இளசு, நுகம் பழக்கமில்லை, சகடத்தில பாரமோ பெரிசு, வழியில பள்ளத்தில இறங்குமோ மேட்டில ஏறுமோ ஆருக்குத் தெரியும் எண்டு போட்டு உப்பு விக்கிற உமணர் வண்டிலுக்குக் கீழ இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவினமாம், அதுக்குப் பேர் 'சேம அச்சு'. இண்டைக்கு ஸ்பெயார் ரயர் கொண்டுபோறம் எல்லோ, அதே யோசினை தான். ஆனையிறவு உப்பு லொறியில போறதைப் பாத்து வளந்த பிள்ளைக்கு சகடம் எண்ட சொல் பிறகு மறக்காது.

தேருக்கு ஒத்தகருத்து இரதம். எங்கட புகையிரதத்துக்குள்ள இருக்கிறது அந்த இரதம் தான், 2013இல கிளிநொச்சிக்கு திரும்ப வந்ததும் 2014இல யாழ்ப்பாணம் வரைக்கும் போனதும் புகையிரதம் எண்டு தான் புகையிரதத் திணைக்களத் தமிழ், வயசான ஆக்கள் கோச்சி எண்டுவினம், தொடருந்து எண்டு எழுதிறவையும் இருக்கினம். வன்னியில, போர் முடிஞ்ச 2009க்கு முந்திப் படிச்ச ஆக்களுக்கு உந்துருளி, ஈருருளி எல்லாம் சாதாரண சொல், மோட்டச்சைக்கிளும் சைக்கிளும் தான் அது. அரசாங்கப் படிவத்தில சைக்கிள் துவிச்சக்கரவண்டி, ஓட்டோ முச்சக்கரவண்டி, அம்புலன்ஸ் நோயாளர் காவு வண்டி. காவுறது எண்டா சுமக்கிறது, எவ்வளவு நல்ல தமிழ் பாருங்கோ. சோதினையில இதில எதை எழுதினாலும் சரி, கட்டுரை முழுக்க ஒரே சொல்லா வரட்டும், ஒரு பந்தியில துவிச்சக்கரவண்டி மற்றதில ஈருருளி எண்டு கலந்தா வாசிக்கிறவருக்குக் குழம்பும்.

பிள்ளையள் கூடப் புள்ளி விடுறது வினைச்சொல்லில. நாங்கள் 'அண்ணா வான் ஓடுறார்' எண்டு தான் கதைக்கிறது, பேச்சுக்கு அது சரி, எழுத்தில வான் தான் ஓடும், அண்ணா வானைச் செலுத்துவார், அல்லது ஓட்டுவார். வண்டிலைப் பூட்டுவினம், தேரை இழுப்பினம். உழவு மெசினை எழுத்தில உழவு இயந்திரம் எண்டு எழுதச் சொல்லுங்கோ, பின்னால கொழுவுற பெட்டிக்கு இழுவைப்பெட்டி எண்டு எழுதலாம்.

அந்தக் கொப்பியைப் பற்றி: ரீச்சரோட சண்டைக்குப் போகாதேங்கோ, வெட்டின நாலில நாலும் வாகனத்துக்கு ஒத்தகருத்து இல்லைத் தான். 'வண்டி எண்டு கேட்டா வண்டில் எழுதலாமோ ரீச்சர்' எண்டு பிள்ளையே ஒருக்காக் கேக்கட்டும், அகராதியில அந்தச் சொல் இருக்கிற பக்கத்தைப் போனில படம் எடுத்துக் குடுத்து விடுங்கோ.